ஐஸ் பெட்டியில வை, ஐஸ்ல வைக்காதே

அஞ்சலை அக்கா ஒளித்து வைத்து இனிப்புத் தின்னவில்லை. அவளுடைய ஊசி மருந்தைக் கெடுத்தவள் நான். கெட்டது தெரிந்தும் அதை அவள் கையிலேயே கொடுத்தவளும் நான்தான்.

இதோ, சொல்லியாயிற்று! இந்த மூன்று வரியைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது. கோயிலில் சொல்லப் பார்த்தேன். வாயைத் திறந்தால் கற்பூரப் புகைதான் உள்ளே போனது. வீட்டுக்காரரிடம் சொல்லப் பார்த்தேன்; அவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. எனக்கு அதுதான் வசதி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் நம்பாத பிறவி. பிரிஞ்சாங் சந்தையில் மீன் வாங்கினால் முதலில் செவுளைப் பார்ப்பேன், அப்புறம் கடைக்காரன் மூஞ்சியைப் பார்ப்பேன். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், என்ன கேட்கப் போகிறார்களோ என்றுதான் எனக்குத் தோன்றும். இதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்து ஐம்பது வயதுவரை காலம் தள்ளிவிட்டேன். என்னை யாரும் ஏமாற்றியதில்லை... ஆமாம், ஒருவர்கூட ஏமாற்றியதில்லை!

எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், கடைசிக்கு முந்தியது. நான் தொழிற்சாலையில் தூள் பொட்டலம் கட்டும் வேலை. வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டுகிறார். கடைசி வீடு அஞ்சலை அக்காவுடையது. நடுவில் ஒரே ஒரு சுவர். நான் இந்தப் பக்கம் தும்மினால் அவள் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு" என்பாள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம். ஒரே மகன் ஜொகூரில் வேலை. அவள் கொழுந்து பறித்துத் தன் சோற்றைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இனிப்பு நீர். மாத்திரை போதாது, இனி ஊசிதான் என்று டவுன் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அன்று அவளுக்குத் துணையாகப் போனவள் நான். அக்கா பேசுவது சந்தை மலாய். கீரையும் வெங்காயமும் வாங்க அது போதும். கிளினிக் மலாய் அவளுக்கு ஓடாது. நான் மலாய்ப் பள்ளியில் மூன்றாம் படிவம்வரை படித்தவள். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

அந்த மலாய் மிஸ்ஸி நல்ல பெண். பொறுமையாகச் சொன்னாள். மருந்துக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். ஆனால் உறையக் கூடாது. ஒரு தடவை உறைந்துவிட்டால், பிறகு இளகினாலும் மருந்து செத்துப்போகும். தூக்கிப் போட்டுவிட்டு இங்கே வாருங்கள், வேறு தருகிறோம் என்றாள்.

இதை நான் அக்காவுக்கு எப்படிச் சொன்னேன் தெரியுமா?

"ஐஸ் பெட்டியில வை அக்கா, ஆனா ஐஸ்ல வைக்காதே."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னா தங்கச்சி நீ! ஐஸ் பெட்டியில வைன்றே, ஐஸ்ல வைக்காதேன்றே. நான் எங்கதான் லா வைக்கிறது, உன் தலையிலயா?"

எங்கள் பேச்சில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டும் ஐஸ் பெட்டி, மேலே ஐஸ் கட்டும் அறையும் ஐஸ் பெட்டி. இரண்டுக்கும் ஒரே பெயர். கீழே வை, மேலே வைக்காதே என்று விளக்கிச் சொன்னேன். அன்றிலிருந்து அது எங்களுக்குள் ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. மருந்தை எடுக்க வரும்போதெல்லாம் "ஐஸ் பெட்டியில வை, ஐஸ்ல வைக்காதே" என்று பாட்டாகப் பாடிக்கொண்டுதான் வருவாள்.

உறைந்தால் கெட்டுவிடும் என்பது எனக்குத் தெரியாது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். இந்த லயத்தில் அது தெரிந்த முதல் ஆள் நான்.

என் ஐஸ் பெட்டிக்கு ஏன் வந்தாள்? அவளுடையது பழுதாகி மூலையில் கிடந்தது. அதற்குள் வெங்காயமும் பழைய துணியும் வைத்திருந்தாள். மகன் புதிது வாங்கித் தருகிறேன் என்றான்; தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிக்கொண்டே இருந்தான். "உன் பெட்டியில ஒரு மூலை குடு தங்கச்சி" என்று கேட்டாள். கொடுத்தேன். மருந்துக்கு இடம் இல்லை என்று எந்த வாய் சொல்லும்?

அக்கா தினமும் இரண்டு வேளை வந்தாள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை. என் கதவைத் திறந்து, என் அடுப்படியில் நுழைந்து, என் ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டு... எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு பொருள் குறைய ஆரம்பித்தது. சீனி போட்ட டின் பால் குறைந்தது. மறுநாளைக்கு என்று எடுத்து வைத்த கோழிக் குழம்பில் துண்டு குறைந்தது. ஏழு துண்டு வைத்தேன், ஐந்துதான் இருந்தது! ஐஸ் பெட்டிக்கு வேறு யார் வருகிறார்கள்? இனிப்பு நீர்க்காரிக்கு இனிப்பின்மேல் ஆசை இருக்காதா?

நான் ஒன்றும் கேட்கவில்லை. பேனாவை எடுத்தேன். பாலை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, பால் நிற்கும் மட்டத்தில் வெளியே ஒரு கோடு போட்டேன். மறுநாள் பால் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. இன்னொரு கோடு போட்டேன். அதுவும் இறங்கியது. போத்தல் முழுக்கக் கோடு! ஒவ்வொரு கோட்டையும் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. கூடவே ஒரு திருப்தியும் இருந்தது, பார்த்தாயா, பிடித்துவிட்டேன் என்று. அந்தத் திருப்தியை இப்போது நினைத்தால் என்மீதே காறித் துப்பத் தோன்றுகிறது.

அந்தச் சமயத்தில்தான் ஈப்போவிலிருந்து என் மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று செய்தி வந்தது. முதல் பிரசவம். போனால் பிள்ளை பெற்றவளோடு நாற்பது நாள் கூட இருக்க வேண்டும். வீட்டுக்காரரும் லீவு போட்டுக்கொண்டு முதல் இரண்டு வாரம் வருவதாகச் சொன்னார். வீடு பூட்டிக் கிடக்கும்.

அக்கா வந்து சந்தோஷமாகக் கேட்டாள். "சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் போ தங்கச்சி. காலையில சாமிக்கு விளக்கு வச்சிர்றேன். மருந்தும் அங்கயே இருக்கட்டும், உனக்கு ஏன் சூசா."

எனக்குச் சூசாவாம்! என்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்று பார்க்கிறாளாம்! ஆள் இருக்கும்போதே பால் இறங்குகிறது. இரண்டு வாரம் சாவி கையில் இருந்தால்? பீரோவில் மகளுக்கு என்று வைத்த சங்கிலி வேறு இருந்தது. என் புத்தி எங்கெல்லாம் ஓடியது என்று உங்களிடம் சொல்லவே கூசுகிறது.

சட்டென்று ஒரு பொய் சொன்னேன். "ஆள் இல்லாத வீட்டுல ஐஸ் பெட்டி ஓடக் கூடாதாம்க்கா. மோட்டார் எரிஞ்சு வீடே பத்திக்குமாம், கடைக்காரன் சொன்னான். நான் எல்லாத்தையும் காலி பண்ணி, சுவிட்ச அடைச்சிட்டுத்தான் போகணும்."

"அய்யய்யோ, அப்படியா? அப்ப அடைச்சிரு" என்றாள். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருந்தைத் தன் வீட்டிலேயே, தண்ணீர்ப் பானை பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். இந்த மலைக் குளிருக்கு ஒரு மாதம் தாங்கும் என்று மிஸ்ஸியே சொல்லியிருந்தாள். அன்றே மருந்தை எடுத்துக் கொடுத்திருந்தால் அவள் கால் இன்றைக்கும் தரையில் இருந்திருக்கும்...

ஆனால் நான் அன்று கொடுக்கவில்லை. கிளம்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது. கிளம்பும் அன்று வாங்கிக்கொள் என்றேன்.

பொய் சொன்னேனே தவிர, வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். ஐஸ் பெட்டியைக் காலி செய்வது சும்மா இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள், இருந்த கீரையை வதக்கித் தீர்த்தேன். பக்கத்து ஊர் திரிங்காப்பிலிருந்து வந்த முட்டைக்கோஸைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். கீழ்த்தட்டுக் கண்ணாடிகளைக் கழற்றி வெந்நீரில் சோடா மாவு போட்டுத் தேய்த்தேன். மேல் அறையை மட்டும் அன்று தொடவில்லை. மகளுக்கு என்று வாங்கி வைத்திருந்த சுறா மீன் அங்கே உறைந்து கிடந்தது. பத்தியத்துக்கு அதுதான் நல்லது. மறுநாள் மீனை எடுத்துக்கொண்டு, சுவிட்சை அடைத்து, ஐஸை இளக விடலாம் என்று திட்டம்.

கீழ்த்தட்டைத் துடைக்கும்போது கையில் அக்காவின் மருந்துப் பை இடறியது. ஈரத் தரையில் வைக்க முடியாது. ஒரு நிமிடம்தானே என்று மேல் அறையைத் திறந்து மீனின்மேல் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வந்தார். மருமகன் காடி அனுப்புகிறாரா, நாம் பஸ்ஸில் போகிறோமா என்று ஒரு சண்டை. சண்டை முடிந்து சமையல், சமையல் முடிந்து துணி மடிப்பு. பொழுது சாய அக்கா வந்து, காலையில் எடுத்துப்போன ஊசிப் பேனா தன் வீட்டிலேயே இருக்கிறது, அதில் போட்டிருந்த குப்பியே இன்றைக்குப் போதும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனாள். பை எனக்கு நினைவுக்கே வரவில்லை. சத்தியமாக வரவில்லை! மறந்தது குற்றம் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். பொறுங்கள், குற்றம் மறுநாள் காலையில்தான் வருகிறது.

மறுநாள் சுவிட்சை அடைத்து மேல் அறையைத் திறந்தேன். பை மீனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தேன். உள்ளே ஐந்து குப்பி. ஒன்று நெடுக விரிசல் விட்டிருந்தது. மற்ற நான்கும் கையில் கல் மாதிரி இருந்தன.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. "அக்கா!" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கிளினிக்கில் வேறு கொடுத்திருப்பார்கள், மிஸ்ஸிதான் சொன்னாளே! ஒரு காலை நேரத்து வேலை. ஏன் சொல்லவில்லை?

அவளிடம் போய் நான் தப்புச் செய்துவிட்டேன் என்று சொல்வதா? என் பாலைத் திருடுகிறவளிடமா? அப்புறம் காலத்துக்கும் அவள் கை ஓங்கிவிடாதா? லயம் முழுக்க என்னைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க மாட்டாளா? இதுதான் என் மனதில் ஓடியது. வெட்கக்கேடு! வேறு காரணம் ஏதாவது கிடைக்குமா என்று இரண்டு வருடமாகத் தேடுகிறேன்.

குப்பிகளை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டேன். இளகின. துடைத்தேன். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து உருட்டிப் பார்த்தேன். நல்ல மருந்து உருட்டினால் பால் மாதிரி ஒன்றாகக் கலக்கும். இது திரிந்த பால் மாதிரி பொடிப்பொடியாக நின்றது. அக்காவுக்குக் கண் மங்கல். அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

விரிசல் விட்ட குப்பியைப் பழைய பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டேன். நான்கையும் மருந்தின் அட்டைப் பெட்டியில் அடுக்கி, ஈரத்தில் ஊறிய அட்டையை அடுப்பின்மேல் காட்டிக் காயவைத்தேன். நீங்களே சொல்லுங்கள், அட்டையைக் காயவைத்த கை தெரியாமல் செய்த கையா?

அக்கா வந்தாள். பாட்டோடுதான் வந்தாள். பையை வாங்கிப் பெட்டியைத் தடவி எண்ணினாள்.

"அஞ்சு குடுத்தாங்களே தங்கச்சி. நாலுதானே இருக்கு?"

"போன வாரம் நீதானேக்கா ஒன்னு எடுத்துட்டுப் போனே. மறந்துட்டியா?"

"நானா? அப்படியா?" பெட்டியை இன்னொரு தரம் தடவினாள். "இருக்கும் லா. வயசாகுதுல்ல. பாத்துப் போயிட்டு வா. புள்ளைய நான் கேட்டேன்னு சொல்லு."

போகும்போது குழந்தைக்கு என்று தானே பின்னிய ஒரு கம்பளித் தொப்பியைக் கொடுத்தாள். மஞ்சள் நிறம். இதில் என்ன உள்நோக்கம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வாங்கினேன். ஐஸ் பெட்டிக் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு துண்டைச் சுருட்டி இடுக்கில் செருகி, வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

ஈப்போவில் பேத்தி பிறந்தாள். இரண்டு வாரத்தில் வீட்டுக்காரர் வேலைக்குத் திரும்பினார். அக்கா போன் செய்தாள். முதல் தடவை, "தாகமா இருக்கு தங்கச்சி, எம்புட்டுத் தண்ணி குடிச்சாலும் அடங்கல" என்றாள். அடுத்த தடவை, மலையில் வெட்டி விட்ட தேயிலைக் கட்டை பூட்ஸைக் குத்திக் கட்டைவிரலில் ஒரு புண், ஆறமாட்டேன் என்கிறது என்றாள்.

"வாயைக் கட்டுக்கா. கண்டதைத் திங்காதே" என்றேன்.

"நான் ஒன்னும் திங்கலயே..."

"அப்ப சீனி எப்படி ஏறும்?"

பேத்தி மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், அந்த மஞ்சள் தொப்பியோடு.

நாற்பது நாள் முடிந்து வந்தேன். மறு வாரமே கிளினிக்கில் அவளுக்கு முறை. பழையபடி துணைக்குப் போனேன். போகாமல் இருந்தால் வேறு யாரையாவது கூட்டிப் போவாள், மிஸ்ஸி ஏதாவது கேட்பாள், குட்டு உடையும் என்ற பயம். பாசமாகப் போனேன் என்று அவள் நினைத்தாள்.

இரத்தத்தில் சீனி எகிறிக் கிடந்தது. மிஸ்ஸி முகம் மாறியது. புண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து நேராகக் கேட்டாள், மருந்து எப்போதாவது உறைந்ததா என்று. மலாயில் உறைவதற்கு 'பெக்கு' என்பார்கள். "பெர்னா பெக்கு?" என்று கேட்டாள்.

ஒரு கேள்வி. இரண்டே வார்த்தை. நான் அதைத் தமிழில் சொன்னால் போதும். அக்கா "தெரியலயே தங்கச்சி, உன் வீட்டுலதானே இருந்துச்சு" என்று என்னைப் பார்ப்பாள்...

நான் அக்கா பக்கம் திரும்பினேன். "இனிப்பு சாப்பிட்டியான்னு கேக்குறாங்க."

"அன்னிக்குக் கோயில்ல ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வாங்குனேன் தங்கச்சி. பிரசாதமாச்சேன்னு. அவ்வளவுதான்" என்றாள், கண் கலங்க.

நான் மிஸ்ஸியிடம் மலாயில் சொன்னேன், உறையவே இல்லை, இனிப்புதான் சாப்பிட்டிருக்கிறாள் என்று.

மிஸ்ஸி அக்காவைத் திட்டினாள். அன்பாகத்தான் திட்டினாள். டாக்டர் புண்ணுக்கு மாத்திரை எழுதி, ஊசியின் அளவைக் கூட்டினார். மருந்து நன்றாகத்தானே இருக்கிறது, கையில் இருப்பதையே போடட்டும் என்றார்கள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா என் கையைப் பிடித்தாள். "தங்கச்சி, மிஸ்ஸி பெக்கு பெக்குன்னாங்களே... என்னாது அது?"

மறந்தே போனேன்! சந்தையில் உறைந்த கோழிக்கு 'ஆயாம் பெக்கு' என்றுதானே பலகை தொங்குகிறது. கிளினிக் மலாய் தெரியாதவளுக்கும் அந்த ஒரு வார்த்தை தெரியும்.

"பெக்கு கோழி திங்கக் கூடாதாம்க்கா. ஒடம்புக்கு ஆகாதாம்" என்றேன்.

"ஓ... சரி" என்றாள்.

அன்றிலிருந்து அவள் பெக்கு கோழியைத் தொடுவதில்லை. இன்றுவரை தொடுவதில்லை! என் வாயில் வந்த ஒரு பொய்யை மருந்துபோல் கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

செத்த மருந்தை அளவு கூட்டிப் போட்டுக்கொண்டாள். பத்து நாளில் விரல் கறுத்தது. தோட்டத்து வண்டியில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

லயத்தில் எல்லோரும் என்ன பேசினார்கள் என்று நினைக்கிறீர்கள்? "அது வாயக் கட்டாதும்மா. ஒளிச்சு வச்சுத் தின்னிருக்கு." ஆரம்பித்து வைத்தவள் நான்தான். குழாயடியில் ஒரே ஒரு தடவை சொன்னேன். அதற்குமேல் நான் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. மகனும் ஜொகூரிலிருந்து ஓடி வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, "ஏம்மா இப்படிப் பண்ணே? நாக்கு ருசி பெருசாப் போச்சா?" என்று கத்தினான். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலம் முழுசாகாது. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பால் போத்தலைப் பார்த்தேன். பால் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. மறுநாள் தொழிற்சாலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். என் வீட்டுக்காரர் ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கரண்டியால் பாலை நக்கிக்கொண்டிருந்தார்.

"கோழித் துண்டும் நீங்கதானா?" என்றேன்.

"ஏன், நான் சம்பாதிச்ச கோழிய நான் திங்கக் கூடாதா?" என்று சிரித்தார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாலுக்கு ஏன் இப்படி ஆகிறாள் என்று அவர் பயந்துபோனார்.

அக்கா ஊன்றுகட்டையோடு வீடு திரும்பினாள். கொழுந்து வேலை போயிற்று. மகன் ஒரு புது ஐஸ் பெட்டி வாங்கி வைத்தான். அதற்கு ஒரு கால் போக வேண்டியிருந்தது! நான் தினமும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன், துணி துவைத்துப் போட்டேன். ஊரே என்னைப் புகழ்ந்தது. கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்றார்கள்.

ஒருநாள் அக்கா தன் கண்ணாடிச் சீனி டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இத நீயே வச்சுக்க தங்கச்சி. எனக்கு என் மேலேயே சந்தேகமா இருக்கு. எல்லாரும் சொல்றாங்க, மகனும் சொல்றான். தூக்கத்துல எந்திரிச்சுத் தின்னுருப்பேனோ என்னவோ. உன் ஐஸ் பெட்டியில வை. எவ்வளவு இருக்குன்னு ஒரு கோடு போட்டு வை. நீதான் கோடு போடுவியே."

நீதான் கோடு போடுவியே!

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பால் போத்தலில் நான் போட்ட ஒவ்வொரு கோட்டையும் அந்த மங்கல் கண்ணால் பார்த்திருக்கிறாள். எதற்கு என்றும் புரிந்திருக்கிறது. புரிந்துகொண்டே தினமும் பாடிக்கொண்டு வந்திருக்கிறாள், என் பேத்திக்குத் தொப்பி பின்னியிருக்கிறாள். அது தெரிந்தவளுக்கு வேறு என்னவெல்லாம் தெரியும்? நான்கு குப்பி தெரியுமா? பெக்கு தெரியுமா? அன்றிலிருந்து அவள் சிரித்தாலும் எனக்குச் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம்.

கோடு போட்டேன். கோடு கோணலாக விழுந்தது.

சென்ற மாதம் மகன் வந்து அவளை ஜொகூருக்கு அழைத்துப் போனான். கிளம்புமுன் சின்னதாக ஒரு சாப்பாடு. மகன் தட்டில் கோழி வைத்தான். "இது பெக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றான். தட்டை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்து, "தங்கச்சி சொல்லியிருக்குல்ல" என்றாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா? நூறு தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

அவள் மருந்தைப் பயணத்துக்குக் கட்டித் தந்தவளும் நான்தான். வேறு யாரும் தொடக் கூடாது என்று அவள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். ஐஸ் கட்டியில் படாதபடி தடித்த துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுரைப்பெட்டிக்குள் வைத்து, மகன் கையில் கொடுத்தேன். "ஐஸ் பெட்டியில வை, ஐஸ்ல வைக்காதே" என்று அவளே மகனுக்குச் சொன்னாள். காடியின் ஜன்னலில் நான் குனிந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். "போயிட்டு வாக்கா" என்றேன்.

நாளைக்கு நான் மறுபடி ஈப்போ போகிறேன். பேத்திக்குக் காது குத்து. பத்து நாள் வீடு பூட்டிக் கிடக்கும். இன்று காலையிலிருந்து ஐஸ் பெட்டியைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். மேல் அறையில் ஐஸ் முழுக்க இளகிவிட்டது. தட்டுகளைத் தேய்த்துக் காயவைத்தாயிற்று. கதவிடுக்கில் செருகத் துண்டும் சுருட்டி வைத்தாயிற்று. சீனி டப்பா மட்டும் தரையில் என் எதிரே இருக்கிறது. சீனிக்கு எதற்கு ஐஸ் பெட்டி, அலமாரியில் வைத்துவிட்டுப் போகலாம்தான்.

சற்றுமுன் அக்கா போன் செய்தாள். ஊருக்குப் போகிறேன் என்றேன், பேத்தியை விசாரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பக்கத்து அறையில் மருமகள் இருந்திருப்பாள்.

"தங்கச்சி, டப்பா இருக்குதா?"

"இருக்குக்கா."

"கோடு?"

டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். சீனி கோணல் கோட்டை ஒட்டியே நின்றது.

"அங்கயேதான் இருக்கு. ஒரு சிட்டிகைகூடக் குறையல."

சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

"அப்ப... நான் திங்கலதானே தங்கச்சி?"

இல்லைக்கா, நீ திங்கல. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

"மருந்த நேரத்துக்குப் போடுக்கா. எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று வைத்துவிட்டேன்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. எழுந்து, டப்பாவை ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில், மருந்து இருந்த அதே மூலையில் வைத்தேன். கதவை மூடினேன். சுவிட்சைத் தட்டிவிட்டேன். பத்து நாளைக்கு, ஆள் இல்லாத வீட்டில், அந்த ஒரு டப்பாவுக்காக அது ஓடிக்கொண்டிருக்கும்.